பூஜ்ஜியத்திலிருந்து எண்ணியவர்

அந்த வீட்டில் மூத்த மகளுக்கு ஜீரோ என்று பெயர். இளையவன் ஒண்ணு. பள்ளிச் சான்றிதழ்களில் வேறு பெயர்கள் இருந்தன, நல்ல பெயர்கள்தான். வீட்டுக்குள் அவற்றைச் சீந்துவார் இல்லை. இப்படிப் பெயர் வைத்த புண்ணியவான் அவர்களுடைய அப்பா. சர்வர் கம்ப்யூட்டர்களில் டிஸ்க் அடுக்கிக் கொடுப்பது அவர் தொழில். அந்தத் தொழிலில் எண்ணிக்கை ஒன்றில் தொடங்காது, பூஜ்ஜியத்தில் தொடங்கும். பெட்டியில் முதலில் இருக்கும் டிஸ்க் ஜீரோ, அதற்கு அடுத்ததுதான் ஒன்று. இந்தப் பழக்கம் அவர் நாக்கோடு ஒட்டிக்கொண்டு வீட்டுக்கும் வந்துவிட்டது. மாடிப்படியை ஜீரோவிலிருந்து எண்ணுவார். கொடியில் காயும் சட்டைகளையும் அப்படித்தான் எண்ணுவார், அதனால் சலவைக்காரரோடு தீராத தகராறு. எங்காவது கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "மூணு... ரெண்டு... ஒண்ணு..." என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். ஒண்ணு என்றதும் பையன் பாய்ந்து வருவான். அவர் "ஜீரோ!" என்று கத்துகிற வரைக்கும் கண்ணாடி முன்னால் நின்றுவிட்டுத்தான் மகள் வருவாள்.

கல்லூரிக்குப் போன பிறகு மகளுக்கு இது வெட்கமாகிவிட்டது.

"அப்பா, என் ஃபிரெண்ட்ஸ் முன்னாடி ஜீரோன்னு கூப்பிடாதீங்கப்பா. மானம் போகுது."

"ஜீரோ இல்லாம எந்தப் பெட்டியும் எழுந்திருக்காதும்மா. முதல்ல அவளைத்தான் தேடும்" என்றார் அவர். பிறகு மகள் முகத்தைப் பார்த்து இறங்கி வந்து, இனிமேல் ஒழுங்காகப் பெயர் சொல்லியே கூப்பிடுவதாகச் சத்தியம் செய்தார். சத்தியம் அடுத்த வாரம் பஸ் நிலையத்தில், அவளுடைய தோழிகள் அத்தனை பேர் முன்னாலும் காற்றில் பறந்தது.

தெருவில் அவருக்கு டிஸ்க்காரர் என்று பெயர். எதிர் வீட்டுப் பெரியவர் ஒரு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து, "எனக்கும் டிஸ்க் விலகியிருக்காம், நீங்க பாப்பீங்களா?" என்று கேட்டார். "பாக்கலாம் சார், ஆனா உங்க மாடலுக்கு இப்போ ஸ்பேர் வர்றதில்லையே" என்றார் இவர். பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாகக் கட்டுவதற்குத் தொழிலில் ரெய்டு என்று பெயர். இந்த மனிதர் ஒரு துணிக்கடைக்கு போன் போட்டு, "நாளைக்குக் காலையில உங்க ஆபீஸ்ல ரெய்டு போடணும், யாரும் வெளிய போயிடாதீங்க" என்று சொல்லிவிட்டார். கணக்குப்பிள்ளை அன்றைக்கு மதியமே காய்ச்சல் என்று விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாராம். இந்தக் கதையை அவர் சொல்லும்போதெல்லாம் மனைவி முதல் தடவை கேட்பவள் போலச் சிரிப்பாள்.

மனைவிக்கும் அதே தொழில். கல்யாணத்துக்கு முன் அவள் ஒரு கம்ப்யூட்டர் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் அதே கடையின் பின்கட்டில் சர்வர் பூட்டிக்கொண்டிருந்தார். வேலை இல்லாத ஒரு மதியத்தில் அவள் பின்கட்டுக்குப் போய், எனக்கும் கற்றுக்கொடுங்கள் என்று நின்றாள். அவர் ஒரு பழைய பெட்டியைக் காட்டி, மூன்றாம் நம்பர் டிஸ்க்கை உருவச் சொன்னார். அவள் இடதுபக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி ஒன்றை உருவினாள். அவர் சிரிக்கவில்லை. தோரணையும் காட்டவில்லை.

"ஒண்ணு இல்லம்மா, ஜீரோலேர்ந்து எண்ணணும்" என்றார். "புதுசா வர்றவங்க எல்லாரும் பண்றதுதான். பரவாயில்ல."

அந்தப் 'பரவாயில்ல'வில்தான் தான் விழுந்துவிட்டதாக அவள் பிற்பாடு சொல்வாள். அதைக் கேட்டு அவர் காது சிவப்பார்.

தனியாகத் தொழில் தொடங்கியபோது இரண்டு பேருமே போனார்கள். வெளியில் சார், மேடம். வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தியதும் ஏங்க, என்னம்மா. வக்கீல் அலுவலகம், அச்சகம், பள்ளிக்கூடம், மருத்துவமனை என்று ஊரில் பாதி சர்வர் அறைகள் அவர்களுக்குத் தெரியும். சர்வர் அறை என்று பெயர்தான். உடைந்த நாற்காலி, துடைப்பம், போன வருஷத்து காலண்டர் எல்லாம் அங்கேதான் அடைக்கலம். அவற்றை ஒதுக்கிவிட்டு, குளிரில் கை விறைக்க, தரையில் உட்கார்ந்து அவர்கள் டிஸ்க்குகளை ட்ரேயில் திருகிப் பூட்டிப் பெட்டிக்குள் தள்ளுவார்கள். கொக்கி 'டக்' என்று விழ வேண்டும். விழாவிட்டால் அவர் அடுத்ததைத் தொடமாட்டார்.

வாடிக்கையாளருக்கு விளக்கம் சொல்வதில் அவருக்குத் தனி ஆசை. "ரெண்டே டிஸ்க்னா மிரர் சார். ஒண்ணுல இருக்கிறது அப்படியே இன்னொண்ணுலயும் இருக்கும். ஒண்ணு போனா இன்னொண்ணு தாங்கும். ஆறு டிஸ்க்னா வேற மாதிரி. அஞ்சு பேர் சுமையை ஆறு பேருக்குப் பிரிச்சுக் கொடுத்து, மத்தவங்க என்ன வெச்சிருக்காங்கன்னு ஒவ்வொருத்தன் காதுலயும் கொஞ்சம் கொஞ்சம் சொல்லி வெப்போம். ஒருத்தன் விழுந்தா மிச்சப் பேர் கூடி, அவன்கிட்ட இருந்தது இதுதான்னு சொல்லிடுவாங்க. ரெண்டு பேர் விழுந்தா அவ்வளவுதான், எல்லாரும் வாயை மூடிக்குவாங்க." கேட்பவர் தலையாட்டுவார். பிறகு, அப்படியானால் தனியாக பேக்கப் எதற்கு என்று கேட்பார். அவர் பொறுமையாக மறுபடி ஆரம்பிப்பார். மனைவியாக இருந்தால் அந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவரை எறிந்திருப்பாள்.

அவருக்குக் கோபம் வருவது ஒரே விஷயத்துக்குத்தான். டிஸ்க் ஒன்று செத்துப்போனால் பெட்டி 'பீப் பீப்' என்று அலறும். வேலை மட்டும் ஒரு குறையும் இல்லாமல் நடக்கும், மிச்ச டிஸ்க்குகள் சமாளித்துக்கொள்ளும். எனவே மேனேஜர்கள் போனில், முதலில் இந்தச் சத்தத்தை நிறுத்துங்கள், டிஸ்க்கை அப்புறம் பார்க்கலாம் என்பார்கள். "குழந்தை அழுதா வாயையா சார் பொத்துவீங்க?" என்று அவர் கத்துவார்.

அவர் மனைவி வாயைப் பொத்தினாள். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

முதலில் சின்னச் சின்னதாகத்தான் வந்தது. பல வருஷமாகப் போய்வரும் வக்கீல் அலுவலகத்தின் படிக்கட்டில், எந்த மாடி என்று தெரியாமல் நின்றார். கேபிளை, "அந்த... அது... அந்த நீளமா இருக்குமே" என்று கேட்டார். ஒரே மேனேஜருக்கு, ஒரே மதியத்தில், ஆறு பேர் சுமை தூக்கும் கதையை இரண்டாம் முறையும் முதலிலிருந்து சொன்னார். மேனேஜர் அவளைப் பார்த்தார். அவள், "சாருக்கு இந்தக் கதை அவ்வளவு பிடிக்கும்" என்று சிரித்து மழுப்பினாள். வயசு, தூக்கம் போதவில்லை, கண்ணாடி மாற்றவேண்டும் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள். அவர் செய்த வேலையை அவருக்குத் தெரியாமல் ஒருமுறை சரிபார்க்கவும் பழகிக்கொண்டாள். வேலை ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. ஆனால் ஒரு பயம் மட்டும் அவளை விடவில்லை. இந்த வேலையை அவர் கையிலிருந்து எடுத்துவிட்டால் அந்த மனிதரிடம் என்ன மிச்சம் இருக்கும்? அதை எடுக்க வேண்டியவளும் அவளேதானோ?

அந்த நாள் ஒரு ஸ்கேன் சென்டரில் வந்தது. பெட்டி பழசு, வேறு யாரோ கட்டிவிட்டுப் போனது. எந்த டிஸ்க் செத்தது என்று காட்ட வேண்டிய விளக்குகள் எப்போதோ அவிந்துபோயிருந்தன. நம்பரைத் திரையில் படித்து, ட்ரேக்களைக் கையால் எண்ணித்தான் உருவ வேண்டும். அவள் திரை முன்னால் உட்கார்ந்து, "மூணு" என்றாள். அவர் குனிந்து ஒவ்வொரு ட்ரேயையும் விரலால் தொட்டார். எத்தனையோ வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருக்கும் பாட்டு அது.

"ஒண்ணு... ரெண்டு... மூணு."

ஜீரோவை மெதுவாகச் சொல்லியிருப்பார், ஃபேன் சத்தத்தில் தனக்குக் கேட்கவில்லை என்று அவள் நினைத்தாள். அப்படி நினைத்து முடிப்பதற்குள் அவர் கொக்கியைத் தட்டி உருவிவிட்டார். திரை சிவந்தது. பெட்டி அலறியது. ஏற்கெனவே ஒருவன் செத்த இடத்தில், உயிரோடு இருந்த இன்னொருவனையும் அவர் வெளியே இழுத்துவிட்டிருந்தார். பெட்டியில் இருந்த அத்தனை நோயாளிகளுடைய படங்களும் மறைந்தன. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு டாக்டர், "குழந்தையோட தலை ஸ்கேன் எங்கேப்பா? இப்பதானே பாத்துக்கிட்டு இருந்தேன்!" என்று கூப்பிட்டார்.

அவர் ட்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மூணுதானே சொன்ன?"

"மூணுதாங்க."

அவர் பெட்டியைப் பார்த்தார். மறுபடி விரலால் தொட்டார், இந்தத் தடவை ஜீரோவிலிருந்து. ட்ரே உருவிய பொந்துக்கு விரல் வந்தபோது "ரெண்டு" என்றார். அவருக்குப் புரிந்துவிட்டது. புரியாமலே போயிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

அவள் எழுந்து ட்ரேயை அவர் கையிலிருந்து வாங்கினாள். அவர் விரல்கள் உடனே விடவில்லை. அதே இடத்தில் கொக்கி விழத் தள்ளிவிட்டு, சர்வரை நிறுத்தி மறுபடி எழுப்பினாள். டிஸ்க்குகளை மேய்க்கும் கன்ட்ரோலர் திரையில் கேட்டது: இந்த டிஸ்க்குகளில் பழைய அடுக்கு ஒன்று இருக்கிறது, அதை அப்படியே ஏற்றுக்கொள்ளட்டுமா, புதிதாக அடுக்கட்டுமா? பதற்றத்தில் புதிது என்று அமுக்கிக் கதை முடித்தவர்கள் இந்தத் தொழிலில் நிறையப் பேர். அவள் விரல் கீபோர்டுக்குப் போனது. பின்னாலிருந்து அவர் குரல் வந்தது, ஒரு சொல் பிசகாமல்:

"முதல்ல கையை எடு. படி. அப்புறம் அமுக்கு."

அவள் கையை எடுத்தாள். படித்தாள். பழையது என்று அமுக்கினாள். ஜீரோ எழுந்தது, ஒன்று எழுந்தது, இரண்டு எழுந்தது. மூன்றைத் தவிர மற்ற எல்லாம் எழுந்தன. பிறகுதான் அவள் நிஜமான மூன்றை உருவி, புதுசைப் போட்டாள். திரும்பிப் பார்த்தபோது அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். எதையும் தொட்டுவிடக் கூடாது என்று அப்படி நின்றிருக்கிறார்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "என்ன மேடம், நடுவுல படமெல்லாம் காணாம போச்சாமே?"

அவள் ஏதோ சமாளிக்க வாயைத் திறந்தாள். அவர் முந்திக்கொண்டார். "தப்பான டிஸ்க்கை நான்தான் உருவிட்டேன் சார். இவங்கதான் காப்பாத்தினாங்க."

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். "சாருக்கு எப்பவும் ஜோக்குதான்!"

வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகும் அவள் சாவியைத் திருப்பவில்லை.

"எப்போலேர்ந்து தெரியும் உனக்கு?" என்றார்.

"கொஞ்ச நாளா."

"நீயுமா சத்தத்தை நிறுத்தின?"

அவள் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்து ஓவென்று அழுதாள். அவர் அவள் முதுகில் கை வைத்திருந்தார்.

"எல்லாருக்கும் ஒரு தடவை கை தவறத்தாங்க செய்யும்" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"புதுசா வர்றவங்களுக்குத் தவறும். எனக்குத் தவறக் கூடாதும்மா. இனிமே நீ எண்ணு" என்றார்.

பரிசோதித்த டாக்டர் சொன்ன மறதி நோயின் பெயர் எல்லோருக்கும் தெரிந்ததுதான். குணமாகாது, மெதுவாக்கலாம் என்றார். மகன் வேலை பார்க்கும் வெளியூரிலிருந்து தினமும் பேசினான். மகள் மாதம் ஒருமுறை வந்துபோனாள். மனைவி தொழிலை விடவில்லை, அவரையும் வீட்டில் விட்டுவிட்டுப் போகவில்லை. அவர் கூடவே வந்து டார்ச் பிடித்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பெட்டிக்குள் ஹாட் ஸ்பேர் என்று ஒரு டிஸ்க் வைப்பது வழக்கம். ஒரு வேலையும் செய்யாமல் சும்மா சுழன்றுகொண்டிருக்கும், யாராவது விழுந்தால் யாரும் சொல்லாமலே அந்த இடத்துக்குப் போய்விடும். முன்பெல்லாம் அவர் அவளை அப்படிச் சொல்லிச் சீண்டுவார். "நான் சும்மா சுத்திக்கிட்டு இருக்கேனா? வீட்டுக்கு வாங்க, பேசிக்கறேன்" என்று அவள் பாய்வாள். இப்போது அவர் அந்தச் சீண்டலை மறந்துவிட்டார், சண்டை போட ஆளில்லாமல் போனதில் அவளுக்கு அழுகை வந்தது.

டிஸ்க் விழுந்தால் அதில் இருந்ததை மற்ற டிஸ்க்குகளிடம் கேட்டு நிரப்பலாம். மனுஷனுக்கு அந்த வசதி இல்லை. அவருடைய சின்ன வயசுக் கதைகளில் பாதி வேறு யாரிடமும் இல்லை. கடையின் பின்கட்டில் நடந்தது மட்டும் இரண்டு பேரிடம் இருந்தது. ஒரு நாள் அவள் அதைப் பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பார்த்தாள். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, "அப்படியா? நல்ல பையனா இருப்பான் போலிருக்கே" என்றார். இனி அது தன்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு அந்தக் கதையை அவள் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லச் சொல்லத் தேய்ந்துவிடுமோ என்று ஒரு அச்சம்.

அவளுக்கு ஒரு பிடிப்பு மட்டும் இருந்தது. ஸ்கேன் சென்டரில் நடந்தது ஒரு தடவைதான். வீட்டில் மாடி ஏறும்போது அவர் இன்னும் "ஜீரோ" என்றுதான் முதல் படியில் கால் வைத்தார். பெயர்கள் போயின, மாதங்கள் போயின, சட்டைப் பொத்தான் போடும் வரிசை போயிற்று. ஜீரோ போகவில்லை. அது இருக்கும்வரை அவர் அவர்தான் என்று அவள் மனதுக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள். காலையில் படிக்கட்டுப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். அந்தச் சொல் கேட்டதும் அடுப்பு வேலையைப் பார்க்கப் போவாள். மகளிடமும் போனில் சொல்வாள், "இன்னைக்கும் உன்னைக் கூப்பிட்டார்" என்று. மகள் அந்தப் பக்கம் சிரிப்பாள், அல்லது சிரிப்பது போல ஏதோ செய்வாள்.

அடுத்த பரிசோதனைக்கு மகளும் வந்திருந்தாள். டாக்டர் நல்ல மனுஷி, வளவளவென்று பேசுகிறவர் இல்லை. கடிகாரம் வரையச் சொன்னார். அவர் வட்டம் போட்டுவிட்டு, அதற்கு மேல் என்ன என்று நிமிர்ந்து பார்த்தார். டாக்டர் மூன்று பொருள்களின் பெயர் சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார், ஒன்றும் வரவில்லை. அவர் முகம் வாடிப்போனதைப் பார்த்து டாக்டர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"பரவாயில்ல சார். இருபதுலேர்ந்து பின்னாடி எண்ணுவீங்களா? மெதுவாவே எண்ணுங்க."

எண்ணுவது என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கையை நீட்டி, மேஜை விளிம்பில் ட்ரேக்கள் வரிசையாக இருப்பதைப் போல ஒவ்வொரு இடமாகத் தொட்டார். "இருபது... பத்தொம்போது... பதினெட்டு..." தடங்கல் இல்லை. குரலில் பழைய கனம் வந்துவிட்டிருந்தது. மகள் தன்னை அறியாமல் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள், வாசலில் செருப்புச் சத்தம் கேட்டவள் போல.

"மூணு... ரெண்டு... ஒண்ணு."

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

மகள் காத்திருந்தாள். அம்மாவும் காத்திருந்தாள். அவர் டாக்டரைப் பார்த்துப் புன்னகைத்தார், வேலை முடிந்தது என்ற திருப்தியோடு.

"ரொம்ப நல்லா பண்ணீங்க சார்" என்றார் டாக்டர். உண்மையாகவே அவருக்குச் சந்தோஷம். இவர்கள் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா? ஒண்ணுகூட விடல" என்றார்.

மனைவி தலையாட்டினாள். மகளின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே இறங்கும் படிக்கட்டு அகலமானது. மருந்துப் பையோடு மனைவி பின்னால் வந்தாள். மகள் அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு முதல் படிக்கு மேலே நின்றாள். ஒரு காலத்தில் இந்தப் பெயரை விடச் சொல்லி அவரோடு மல்லுக்கு நின்றவள்தான். இப்போது அவர் காதருகில் குனிந்து, சொல்லிக் கொடுப்பது போல, அழுகையை விழுங்கிக்கொண்டு, "ஜீரோ" என்றாள். சொல்லிவிட்டு, ஒரு காலைப் படியில் வைத்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

அவர் நின்றார். அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமோ குழப்பமோ இல்லை. வேலைக்கு வந்த யாரோ ஒரு பெண்ணிடம் காட்டும் கனிவு இருந்தது.

"ஜீரோ இல்லம்மா, ஒண்ணுலேர்ந்து எண்ணணும்" என்றார். "புதுசா வர்றவங்க எல்லாரும் பண்றதுதான். பரவாயில்ல."

பின்னால் மருந்துப் பை கீழே விழும் சத்தம் கேட்டது. மகள் திரும்பிப் பார்க்கவில்லை.

"சரிங்க சார்" என்றாள். படியில் வைத்த காலை மறுபடி மேலே எடுத்துக்கொண்டு, அவரோடு சேர்ந்து, ஒண்ணு என்று சொல்லி இறங்கினாள்.